சுவர் இருந்தால்தான் கிரேன்

"அரை டன் கிரேன் ஒண்ணு மாட்டப் போறேன் மாப்ள. கொட்டேஷன் அனுப்பியிருக்கேன். நீ இன்ஜினியரிங் படிச்சவன்தானே, ஒருக்கா பாத்துச் சொல்லு" என்று மாமா போனில் சொன்னார். நான் படித்தது இயந்திரவியல். பார்ப்பது மென்பொருள் வேலை. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு நட்டைக்கூட முடுக்கியதில்லை என்பது மாமாவுக்குத் தெரியும். ஆனாலும் நம் குடும்பங்களில் ஒருவன் இன்ஜினியரிங் படித்துவிட்டால் மிக்ஸி ரிப்பேரிலிருந்து கிரேன் வரைக்கும் அவன்தான் பொறுப்பு.

மாமாவுக்குச் சுந்தரபாண்டியத்தில் சின்னதாக ஒரு விசைத்தறிக் கூடம். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். கட்டுப்போடும் காடாத்துணி நெய்து, ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி வியாபாரிகளுக்குக் கொடுக்கிறார். கஞ்சி போட்ட பாவு சுற்றிய பீம்கள் குட்டியானை வண்டியில் வாசலுக்கு வரும். ஒவ்வொன்றும் 200 கிலோ சொச்சம். அதை இறக்கி உள்ளே கொண்டுபோக நான்கு பேர் வேண்டும். அந்த நால்வருக்கும் தலைமை, எல்லோரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒருவர். 60 வயதை நெருங்குகிறார். வலது தோளில் காய்ப்பு ஏறி, அந்த இடம் மட்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பீம் இறக்கும்போது இடுப்பு பிடித்து, பத்து நாள் படுக்கையில் கிடந்தார். மாமா கிரேன் பக்கம் யோசனையைத் திருப்பியது அதற்குப் பிறகுதான்.

கொட்டேஷனில் எல்லாம் இருந்தது. சுவரில் மாட்டும் ஜிப் கிரேன், தூக்கும் திறன் 500 கிலோ, கையின் நீளம் 3 மீட்டர், சுழற்சி 180 டிகிரி, மின்சார செயின் ஹாய்ஸ்ட், கையில் பிடித்து இயக்கத் தொங்கும் சுவிட்ச், மஞ்சள் பெயிண்ட். ஒன்றைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. சுவர்.

அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு போனதில், பாரம் தூக்கும் கருவிகளின் வரலாற்றுக்குள் இரண்டு மாதம் சுற்றித் திரிந்தேன்.

*

முதலில், இந்தக் கருவி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு இரண்டு கீலில் தொங்குகிறது. பலகையை எடுத்துவிட்டு, அந்தக் கீல்களில் ஒரு இரும்பு ஐ-பீமைக் கிடையாக மாட்டுங்கள். அதன் அடிவிளிம்பில் ஓட ஒரு தள்ளுவண்டி, அதில் தொங்க ஒரு ஹாய்ஸ்ட், ஹாய்ஸ்ட்டின் கீழே கொக்கி. வண்டி கழன்று விழாமல் இருக்கக் கையின் நுனியில் ஒரு தடை. கொக்கி மேலே முட்டுவதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்த ஒரு சுவிட்ச். கயிறு நழுவாமல் இருக்கக் கொக்கியின் வாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு நாக்கு. இவ்வளவுதான். சிலவற்றில் கையின் நுனியிலிருந்து சுவரின் மேல்பகுதிக்கு ஒரு சாய்கம்பி போகும். கூரை தாழ்வாக இருந்தால் கம்பி இல்லாமல், கையே கனமாக இருக்கும்.

கதவுக் கீலைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பழைய வீடுகளில் எப்போதும் மேல் கீல்தான் முதலில் பிடுங்கிக்கொண்டு வரும். கீழ்க்கீல் நிலையை அழுத்தும், மேல்கீல் நிலையிலிருந்து பிய்த்துக்கொள்ளப் பார்க்கும். கிரேனிலும் அதே கதைதான். 500 கிலோ 3 மீட்டர் தள்ளித் தொங்குகிறது, இரண்டு கீலுக்கும் நடுவில் 1 மீட்டர் இடைவெளி என்றால், மேல்கீல் சுவரை 1,500 கிலோ விசையோடு வெளிப்பக்கம் இழுக்கும். கீழ்க்கீல் அதே 1,500 கிலோவோடு உள்ளே தள்ளும். கையின் சொந்த எடை, தூக்கும்போது வரும் வெட்டு இழுப்பு எல்லாவற்றையும் சேர்த்தால் 2 டன்னைத் தாண்டும். அரை டன்னைத் தூக்கக் கிரேன் வாங்குகிறோம். இரண்டு டன்னைத் தாங்கச் சொல்வது சுவரிடம்.

செங்கல் சுவர் மேலிருந்து அழுத்தினால் தாங்கும், அதுதான் அதன் பிறவிக்குணம். பக்கவாட்டில் இழுத்தால் அதற்குப் பழக்கமில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்தார்கள். சித்திரத்துக்குச் சுண்ணாம்பு பூசிய சுவர் போதும். கிரேனுக்கு வேறு சுவர் வேண்டும்.

*

ஆங்கிலத்தில் கிரேன் என்றால் நாரை போன்ற நெடுங்கழுத்துப் பறவை. பிரெஞ்சிலும் போலிஷிலும்கூட அந்தப் பறவைக்கும் இந்தக் கருவிக்கும் ஒரே பெயர். போலந்தின் க்தான்ஸ்க் துறைமுகத்தில் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய பெரிய மரக்கிரேன் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் எரிந்து, பிறகு மீட்டுக் கட்டப்பட்டது. அதை இன்றைக்கும் பறவையின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். அதற்குள் மோட்டார் கிடையாது. ஆள் உயரத்தைவிடப் பெரிய சக்கரங்களுக்குள் மனிதர்கள் நடப்பார்கள். வெள்ளெலி கூண்டுச் சக்கரத்தில் ஓடுவதுபோல. அவர்கள் நடக்க நடக்கக் கயிறு சுற்றும், பாரம் ஏறும். 1563இல் புரூகெல் வரைந்த பாபேல் கோபுர ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு சுற்றுத்தளத்தில் இந்த மாதிரிச் சக்கரமும் உள்ளே ஆட்களும் தெரிவார்கள். பாரம் கையை மீறினால் சக்கரம் பின்னோக்கிச் சுழலும். உள்ளே இருப்பவர்களின் கதி என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மரபு ரோமானியர்களிடமிருந்து வருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் விட்ருவியஸ் தன் கட்டடக்கலை நூலின் பத்தாம் பகுதியில் மூன்று கப்பி, ஐந்து கப்பி வைத்துப் பாரம் தூக்கும் கருவிகளை விவரிக்கிறார். கப்பி கூடக் கூட இழுக்கும் விசை குறையும், இழுக்க வேண்டிய கயிறின் நீளம் கூடும். இயற்கை எதையும் இனாமாகத் தராது.

பெயர்களில் இன்னொரு இருட்டான பக்கமும் உண்டு. எண்ணெய்க் கிணறுகளில் நிற்கும் டெரிக் என்ற கோபுரத்துக்குப் பெயர் வந்தது, 1600 வாக்கில் லண்டனில் தூக்குப் போடுகிறவராக இருந்த டெரிக் என்பவரிடமிருந்து. ஜிப் என்ற சொல்லும் தூக்குமரத்தைக் குறிக்கும் ஒரு பழைய சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். செங்குத்தாக ஒரு மரம், கிடையாக ஒரு கை, நுனியில் கயிறு. படம் ஒன்றுதான். தமிழில் இதை விளக்கவே தேவையில்லை. பீமைத் தூக்கு என்றாலும் அதே சொல், தூக்குத் தண்டனை என்றாலும் அதே சொல். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூலில் கட்டித் தொங்கவிடுவதற்கும் தூக்குக்குண்டு என்றுதான் பெயர்.

சுவருக்கும் தூக்குவதற்கும் உள்ள உறவை ஊரே சேர்ந்து யோசித்த இடம் என்றால் ஆம்ஸ்டர்டாமைச் சொல்லலாம். கால்வாய்க் கரையில் நெருக்கியடித்து நிற்கும் குறுகலான வீடுகள். மாடிப்படி ஒரு ஆள் ஏறுவதற்கே திணறும். அதனால் ஒவ்வொரு வீட்டின் முகப்பு உச்சியிலும் ஒரு மரத்துலாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் கொக்கி. வியாபாரச் சரக்கு, அலமாரி, கட்டில் எல்லாம் அதில் கயிறு போட்டு ஜன்னல் வழியே ஏறும். பல வீடுகளின் முகப்புச் சுவர் தெருவைப் பார்த்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். ஏறும் சாமான் சுவரில் இடிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டியதாகச் சொல்கிறார்கள். பாரம் தூக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்து கட்டிய சுவர்கள் அவை. மாமாவின் சுவருக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

*

19ஆம் நூற்றாண்டில் கதை மரத்திலிருந்து இரும்புக்கு மாறுகிறது. 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கத்தில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் கம்பிக்கயிறைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். சணல் கயிறு உள்ளுக்குள் இற்றுப்போனால் வெளியே தெரியாது. கம்பிக்கயிறு அறுவதற்கு முன்னால் பெரும்பாலும் ஒவ்வொரு இழையாக உடைந்து எச்சரிக்கும், கண் இருப்பவன் பார்த்துக்கொள்ளலாம். 1846இல் நியூகாசில் துறையில் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் கிரேனை நிறுத்தினார். அதே நூற்றாண்டின் நடுவில் பர்மிங்ஹாம் பக்கத்தில் தாமஸ் வெஸ்டன் செய்த சங்கிலிக் கப்பி, கையை விட்டாலும் பாரம் கீழே ஓடாமல் அப்படியே நிற்கும்படி இருந்தது. இன்றைக்கு நம்மூர் ஒர்க்‌ஷாப்களில் இன்ஜின் இறக்கும் செயின் பிளாக்கின் மூதாதை அதுதான்.

அந்தக் காலத்து வார்ப்படப் பட்டறைகளிலும் உலைக்களங்களிலும்தான் சுவர்க் கிரேன் நிலைபெற்றது. உருகிய இரும்பு நிறைந்த வாளியை உலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுபோக வேண்டும். தரையெல்லாம் அச்சு, நடக்க இடமில்லை. சுவரிலோ தூணிலோ கீல் வைத்து ஒரு கையை மாட்டிவிட்டால் தரை காலியாகவே இருக்கும். நூற்பாலைகளிலும் அப்போது சுவருக்கு வேலை இருந்தது. ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன்பு, ஒரே நீராவி எந்திரமோ நீர்ச்சக்கரமோ நீண்ட தண்டுகளைச் சுழற்றும், அவற்றிலிருந்து பெல்ட் இறங்கும். அந்தத் தண்டுகளைத் தாங்கும் பிராக்கெட்டுகள் பலவும் சுவரில்தான். ஆலைச் சுவர் என்பது மழைக்கும் வெயிலுக்கும் மறைப்பு மட்டுமல்ல, எந்திரத்தின் ஓர் உறுப்பு. அதனால் கனமாகக் கட்டினார்கள்.

1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணீரை நம்பிப் பாபநாசத்தில் நூற்பாலை தொடங்கியபோது இந்த அறிவும் நம் பக்கம் வந்து சேர்ந்தது. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக ரயில் ஓடியது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். அதன்பிறகு இந்த வட்டாரமே பஞ்சும் நூலுமாக மாறியது. பெரிய ஆலையிலிருந்து சின்ன ஆலை, சின்ன ஆலையிலிருந்து கஞ்சிப் பட்டறை, அங்கிருந்து வீட்டோடு ஒட்டிய தறிக்கூடம். எந்திரம் ஒவ்வொரு படியாக இறங்கி மாமா வரைக்கும் வந்துவிட்டது. கனமான சுவர்தான் கூடவே வரவில்லை.

*

சரி, நம்மிடம் இந்த அறிவு இல்லாமலா இருந்தது?

எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளை எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்சுவரிலிருந்து ஒவ்வொரு கல்லாக வெளியே நீட்டிக்கொண்டு படி இறங்கும். ஒரு முழம் வெளியே தெரியும், மிச்சம் சுவருக்குள். கீழே முட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. நுனியில் நிற்கும் ஆளின் எடையைச் சமன் செய்வது, கல்லின் வால்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சுவரின் எடை. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் படியின் வாலை அழுத்த மேலே சுவர் அதிகம் இல்லை. அதனால் இந்த அமைப்பில் இளகுவதற்கு முதல் வாய்ப்பு மேல்படிக்குத்தான். கல்லூரியில் கேன்டிலீவர் பாடம் நடத்திய வகுப்பில் யாரும் எங்களுக்குக் கிணற்றைக் காட்டவில்லை. நாங்களும் கிணற்றில் குதித்த நாட்களில் அதைப் பாடமாகப் பார்க்கவில்லை.

ஏற்றத்தில் எதிர்எடை மனிதனே. துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து தன் உடம்பின் பாரத்தால் தண்ணீரைத் தூக்கினான். கமலையில் அந்த வேலை மாட்டுக்குப் போனது. கிணற்று விளிம்பில் உருளை, வடக்கயிறு, நுனியில் சால், சரிவில் இறங்கி நடக்கும் ஜோடி மாடு. இறங்கும்போது மாட்டின் சொந்த எடையும் இழுக்கும். கிணற்றைவிட்டு விலகிச் சரிவாகத் தோண்டிய பாதைக்கு அதுதான் காரணம்.

எங்கள் ஊர்ப்பக்கச் சாலையோரங்களில் இன்னும் அங்கங்கே நிற்கும் சுமைதாங்கிக் கல்லையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர்கள் இன்னொருவர் உதவியில்லாமல் சுமையை இறக்கி வைக்கவும், பிறகு குனியாமல் தலைக்கு மாற்றிக்கொள்ளவும் அந்த உயரம். பிள்ளை பெறாமல் வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நட்டார்கள். இறக்கி வைக்க முடியாத ஒரு சுமைக்காக, ஊரார் எல்லோரும் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். பாரம் என்பது உடம்போடு சம்பந்தப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வேறு கருவியை நான் பார்த்ததில்லை. எவ்வளவு தூக்கலாம் என்பதற்கு முன்னால், அந்த எடை கடைசியில் யார்மேல் போய் இறங்குகிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

சட்டமும் தன் பாஷையில் அதைக் கேட்டது. 2025 வரை நடப்பில் இருந்த 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தில் 29ஆம் பிரிவு தூக்குக் கருவிகளைப் பற்றியது. நல்ல பொருளால், போதிய பலத்தோடு செய்திருக்க வேண்டும் என்றது. 12 மாதத்துக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டியிருந்தது. எவ்வளவு தூக்கலாம் என்பதைக் கருவியின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. அதற்கு மேல் தூக்கக்கூடாது என்றது. ஆனால் அந்தச் சட்டம், மின்சாரத்தில் ஓடும் இடத்தைத் தொழிற்சாலை என்று கருதப் பொதுவாகப் பத்துப் பேரிலிருந்து எண்ணத் தொடங்கியது. மாமாவின் கூடத்தில் ஏழு பேர். ஏழு பேர் இருக்கும் இடத்திலும் பீமின் எடை 200 கிலோதான்.

*

ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போய்ச் சுவரைப் பார்த்தேன். கிரேன் கம்பெனி ஆள் வந்து, ஓட்டை போட வேண்டிய இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டுப் போயிருந்தார். 9 அங்குலச் செங்கல் சுவர். சாவியால் சுரண்டினால் சாந்து மணலாக உதிர்ந்தது. மேல் பிராக்கெட் வர வேண்டிய இடத்துக்கு மேலே இரண்டடிச் சுவர், அதற்குமேல் தகரக் கூரை. கிணற்றின் மேல்படி மாதிரி, வாலை அழுத்த மேலே எடையே இல்லை.

"உள்ளேருந்து போல்ட்ட விட்டு, அந்தப் பக்கம் பெரிய இரும்புத் தகடு வச்சு முடுக்கிட்டா?" என்றார் மாமா. வழக்கமாகச் செய்வதுதான் அது. போல்ட்டின் இழுப்பைத் தகடு சுவரின் பெரிய பரப்புக்குப் பிரித்துக் கொடுக்கும்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு மாமா?"

அவர் பதில் சொல்லாமல் நடந்தார். பின்னால் போனேன். நெசவாளர் தெருவில் பல வீடுகளுக்குச் சுவர் பொது. அந்தப் பக்கம் ஒரு கைத்தறி வீடு. குழித்தறியில் கால்விட்டு உட்கார்ந்து பாட்டியம்மா நெய்துகொண்டிருந்தார். சுவரை ஒட்டித் தொட்டில். சாக்பீஸ் வட்டத்துக்கு நேர் பின்னால், ஒரு காலண்டர். "வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தோம்.

1850இல் வில்லியம் ஃபேர்பேர்ன் காப்புரிமை பெற்ற கிரேன் ஞாபகத்துக்கு வந்தது. தகடுகளை ரிவெட் அடித்து வளைத்த, கொக்கின் கழுத்து போன்ற கை. 1870களில் கட்டிய அந்த வகைக் கிரேன் ஒன்று, 35 டன் தூக்கக்கூடியது, இன்னும் பிரிஸ்டல் துறைமுகத்தில் நிற்கிறது. படத்தில் நமக்குத் தெரிவது கழுத்து மட்டும். அதன் உடம்பு தரைக்குக் கீழே ஒரு குழிக்குள் ஆழமாக இறங்குகிறது. அதைச் சாயாமல் பிடித்திருப்பது சுவர் அல்ல, பூமி.

"சுவரை விட்ருவோம் மாமா. தனியா தூண் நட்ருவோம்."

செலவு கூடும், வாசலில் இடம் போகும் என்று ஒரு வாரம் முனகினார். பிறகு சம்மதித்தார். கட்டடக் கணக்குப் போடத் தெரிந்த நண்பன் ஒருவனிடம் என் கணக்கைக் கொடுத்துச் சரிபார்த்தேன். மென்பொருளில் தப்பு செய்தால் அடுத்த நாள் திருத்தி அனுப்பலாம். இங்கே அது முடியாது. ஐந்தடிக்கு ஐந்தடி, நாலடி ஆழம் குழி. கம்பி கட்டி, தூணைப் பிடிக்கும் போல்ட்டுகளை நிறுத்தி, கான்கிரீட் போட்டு, 28 நாள் ஆறவிட்டோம். அந்தக் கான்கிரீட்டின் எடை கிட்டத்தட்ட 7 டன். அரை டன்னைத் தூக்க ஏழு டன்னைப் புதைத்தோம்.

தூணை நிறுத்திய அன்று கொத்தனார் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து அடித்தகட்டுக்குக் கீழே சிம் வைத்தார். கீல்கள் செங்குத்தாக இல்லாவிட்டால் கிரேனின் கை தானாகவே தாழ்ந்த பக்கம் ஓடும், பாரத்தோடு ஓடினால் நிறுத்த முடியாது. பிறகு சோதனை. எழுதிய எடையைவிடக் கால்பங்கு கூடுதலாக வைத்துப் பார்ப்பது வழக்கம். 12 சிமெண்ட் மூட்டை, மேலே அரை மூட்டை மணல், 625 கிலோ. தரையிலிருந்து ஒரு அடி தூக்கி, கையை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பினோம். எங்கே விட்டோமோ அங்கே நின்றது. கையின் இரண்டு பக்கமும் 500 கிலோ என்று மாமாவே பெயிண்டால் எழுதினார்.

முதல் பீமை அண்ணாச்சிதான் இறக்கினார். சுவிட்சைப் பிடித்துக்கொண்டு, பீம் வண்டியிலிருந்து கிளம்பி, அந்தரத்தில் நகர்ந்து, உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலது கை தன்னையறியாமல் தோளைத் தடவியது.

"இத்தன நாளும் இந்த எட என் தோளு வழியா எறங்குச்சு தம்பி. இப்போ எங்க போவுது?"

"தரைக்குத்தான் அண்ணாச்சி. கீழ ஏழு டன் கான்கிரீட் கெடக்கு."

"இதுக்கு ஏழு டன்னா" என்று தூணைத் தட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த பீமுக்குக் கயிறு மாட்டப் போனார். உள்சுவரில் சாக்பீஸ் வட்டங்கள் அப்படியே இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து தறி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.